சப்டியூரல் கட்டியை எடுக்கறப்ப உடம்பைக் குளிர்விக்கறது: 35, 33, 37.5 – புரோட்டோகால்ல எதை எழுதறது?

ஈரோட்டு_மயக்கவியல்:

வணக்கமுங்க. ஆறு படுக்கை இருக்கற நியூரோ ஐசியுவுக்கு வெப்பநிலை புரோட்டோகால் ஒண்ணு எழுதணும். வர்ற கேஸ்ல பாதிக்கு மேல ஹெல்மெட் இல்லாம பைக்ல விழுந்ததும் தென்னை மரத்துல இருந்து விழுந்ததும்தான். மீதி பிரஷர் ஏறி மூளைக்குள்ளயே கசிஞ்சது.

அக்யூட் சப்டியூரல் (மூளையை மூடின டியூரா சவ்வுக்கு அடியில திடீர்னு தேங்கற ரத்தக்கட்டி) எடுக்கறப்ப, டியூராவைத் திறக்கறதுக்கு முன்னாடியே 35 டிகிரிக்கு இறக்கி, அப்புறம் 33-ல ரெண்டு நாள் வைக்கணும்னு ஒரு தரப்பு. அதெல்லாம் முடிஞ்சு போன விஷயம், 37.5-ஐத் தாண்ட விடாம பாத்தாப் போதும்னு இன்னொரு தரப்பு. ரெண்டு பேரும் ஆய்வைக் காட்டித்தான் பேசறாங்க. எதை எழுதறதுங்க? பிரஷர் கசிவுக்கும் இதே விதியா?

கையில இருக்கறது தண்ணி சுத்தற கூலிங் பிளாங்கெட் மெஷின் ஒண்ணு, ஃப்ரிட்ஜ் ஒண்ணு. ரத்தக்குழாய்க்குள்ள போடற கூலிங் கதீட்டர் கிடையாது. நடுக்கத்தை அடக்கற பெத்திடின் கிடைக்கறது குதிரைக்கொம்பு. சித்திரை வெயில்ல ஏசி மக்கர் பண்ணினா வார்டே 34 டிகிரிக்குப் போயிடுது, அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

நொய்யல்_நியூரோ:

ரெண்டு தரப்பும் பொய் சொல்லலைங்க. ஆளாளுக்கு வேற வேற நோயாளியைப் பத்திப் பேசறாங்க, அவ்வளவுதான்.

35 டிகிரிக்காரங்களோட தர்க்கம் இது. கட்டி அமுக்கி ரத்த ஓட்டம் சுண்டிக் கிடந்த மூளைக்கு, கட்டியை எடுத்த நிமிஷமே ரத்தம் முழு வேகத்துல திரும்புது. காலிங்கராயன் வாய்க்கால் மடையை ஒரேயடியாத் தூக்கிவிட்டா வரப்பு ஒடையற மாதிரி, ஓட்டம் திரும்பறதே ஒரு சேதம். அந்தச் சேதத்தைக் குறைக்கணும்னா ஓட்டம் திரும்பறதுக்கு முன்னாடியே மூளை குளிர்ந்திருக்கணும். கட்டியை எடுத்துத் தையல் போட்டு ஐசியுவுக்கு வந்த பிறகு குளிர்விச்சா அந்த நேரம் தாண்டிப் போச்சு.

இந்த யோசனை வந்த இடத்தைப் பாத்தா அதோட பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். 2011-ல வந்த நாபிஸ்-2 ஆய்வு தலைக்காயத்துக்குச் சீக்கிரமே குளிர்விக்கறதைப் பரிசோதிச்சு, மொத்தத்துல பலன் இல்லைன்னு நின்னுது. ஆனா அதுக்குள்ள அறுவை செஞ்சு கட்டி எடுத்தவங்களை மட்டும் பிரிச்சுப் பாத்தப்ப, குளிர்விச்ச 15 பேர்ல 5 பேருக்குத்தான் மோசமான முடிவு, குளிர்விக்காத 13 பேர்ல 9 பேருக்கு. மொத்தம் 28 பேருங்க. இதை நம்பித்தான் ஹோப்ஸ்னு ஒரு ஆய்வை சப்டியூரலுக்குன்னே வடிவமைச்சாங்க. டியூரா திறக்கறதுக்கு முன்னாடி 35, அப்புறம் 33-ல 48 மணி நேரம், எதிர்ப்பக்கம் 37. உங்க முதல் தரப்பு சொல்ற எண்ணெல்லாம் அதுல இருந்து வந்ததுதான். 32 பேரைச் சேர்த்த பிறகு இடைக்கணக்கு பாத்து, தொடர்ந்தாலும் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லைன்னு நிறுத்திட்டாங்க, 2022-ல வெளிவந்தது. ரத்தத்துல இருக்கற மூளைச்சேதக் குறியீடுகள் சீக்கிரமே குளிர்ந்தவங்ககிட்டக் குறைவா இருந்துச்சு. அது யோசனை முழுசாத் தப்பில்லைன்னு காட்டுது. ஆள் எழுந்து நடந்தாங்கன்னு காட்டலை.

பெரிய ஆய்வுகள் இன்னும் கறாரா இருக்குது. 2015 யூரோதெர்ம், 387 பேர்: மண்டைக்குள்ள அழுத்தம் ஏறினவங்களுக்கு ரெண்டாம் கட்ட வைத்தியத்துக்கு முன்னாடியே 32–35-க்கு இறக்கினாங்க. நல்ல முடிவு கிடைச்சது குளிர்விச்ச பக்கம் 26 சதவீதம், குளிர்விக்காத பக்கம் 37. அதாவது கெடுதல். 2018 போலார், 511 பேர்: ரெண்டு பக்கமும் 49 சதவீதத்தை ஒட்டி, வித்தியாசமே இல்லை. ரெண்டுலயும் அழுத்தம் குறைஞ்சுதா இல்லையாங்கறதை விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு ஆள் எப்படி இருக்காங்கன்னு பாத்ததுதான் முக்கியம். குளிர்விச்சா ஐசிபி (மண்டைக்குள்ள இருக்கற அழுத்தம்) இறங்கும், அதுல சந்தேகமே இல்லை. மானிட்டர்ல எண் இறங்கறதைப் பாத்து நமக்கு வர்ற நிம்மதி நோயாளிக்குப் போய்ச் சேரலைங்க.

அதனால என் யோசனை: சப்டியூரலுக்கு 33 டிகிரியை வழக்கமா எழுதாதீங்க. மயக்கமும் தூக்கமருந்தும் உப்புச்சலைனும் கொடுத்துப் பாத்தும் ஐசிபி 22-க்குக் கீழ இறங்கலைன்னா, மூணாம் படியில 35–36-ஐ ஒரு வாய்ப்பா வைங்க. அதுக்குக் கீழ போகவேண்டாம். 33-ல இருந்து ஏறி வர்றதுலதான் பாதி ஆபத்து இருக்குது.

இன்னொண்ணு. கட்டி 10 மில்லிமீட்டருக்கு மேல தடிப்பு, இல்லை நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல நகர்ந்திருக்குன்னா, ஆளை நேரா தியேட்டருக்கு ஏத்தணும். 35 வரட்டும்னு கத்தியை நிறுத்தி வைக்கக்கூடாது. ஆய்வுல கூட அறுவையைத் தள்ளிப் போடாம, கூடவேதான் குளிர்விச்சாங்க.

பிரஷர் கசிவு தனி விஷயம். அங்க 2022 அமெரிக்க வழிகாட்டி, கட்டியைச் சுத்தி வர்ற வீக்கத்தைக் குறைக்க 35-க்குக் கீழ இறக்கறதால பயன் தெளிவில்லைன்னுதான் சொல்லுது. அங்க சிஸ்டாலிக் பிரஷரை 130–150-க்குள்ள ஏத்த இறக்கம் இல்லாம பிடிச்சு வைக்கறதும், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிட்டிருந்தா அதை முறிக்கறதும்தான் முதல் வேலை. மூணாவது வகை, அன்யூரிசம் (மூளை ரத்தக்குழாய்ல பலூன் மாதிரி வர்ற வீக்கம்) வெடிச்சது: 2005 ஐஹாஸ்ட், 1001 பேர், கிளிப் போடறப்ப 33 டிகிரி. நல்ல முடிவு குளிர்விச்ச பக்கம் 66 சதவீதம், குளிர்விக்காத பக்கம் 63, கணக்குல சேராத வித்தியாசம். ரத்தத்துல கிருமி மட்டும் குளிர்விச்ச பக்கம் கூட.

கரூர்_ஃபிசிசியன்:

மேல சொன்னதுல ஒரு விஷயத்தை மட்டும் மறுக்கறேன். கேள்வியில இருக்கற ரெண்டாம் தரப்பு, "காய்ச்சலைத் தடுத்தாப் போதும்", அதையும் நிரூபிச்ச உண்மையா எழுதாதீங்க. 2024-ல வந்த இன்ட்ரெபிட்: பக்கவாதம், மூளைக்குள்ள கசிவு, அன்யூரிசம் மூணும் சேர்ந்த 677 பேர். ஒரு பக்கம் மெஷினை வெச்சு 37-ல நிறுத்தினாங்க, இன்னொரு பக்கம் காய்ச்சல் வந்த பிறகு வைத்தியம். காய்ச்சல் நல்லாவே குறைஞ்சது, ஆனா மூணு மாசத்துல ஆளோட நிலையில வித்தியாசம் இல்லை. காய்ச்சல் இருக்கற மூளைக்காயக்காரங்க மோசமாத்தான் முடியறாங்கங்கறது எல்லா வார்டுலயும் தெரிஞ்சதுதான். ஆனா காய்ச்சல் சேதத்தைக் கூட்டுதா, இல்லை பெரிய சேதம்தான் காய்ச்சலைக் கொண்டுவருதா, ரெண்டையும் முழுசாப் பிரிக்க முடியலை.

என்னைக் கேட்டா 37.5-ஐத் தொட்டா வைத்தியம் ஆரம்பிக்கற மாதிரி எழுதுங்க. பாராசிட்டமால், வார்டு ஏசி, பிளாங்கெட், அந்த வரிசையில. எல்லாருக்கும் முதல் நாளே மெஷின் போட்டா, நடுக்கத்தை அடக்கத் தூக்கமருந்து, தூக்கமருந்தால வென்டிலேட்டர் நாள், வென்டிலேட்டரால நிமோனியான்னு சங்கிலி நீளும்.

பச்சைக்குழந்தைகளுக்குப் பலன் இருக்கே, பெரியவங்களுக்கு ஏன் இல்லைன்னும் யாராவது கேப்பாங்க. அதுலயும் நம்ம பக்கத்துக் கணக்கு வேற. பிறக்கறப்ப மூச்சு முட்டின குழந்தைகளை 33.5-ல 72 மணி நேரம் வைக்கற ஹீலிக்ஸ் ஆய்வு இந்தியா, இலங்கை, பங்களாதேஷ்ல நடந்தது. 2021-ல முடிவு: குளிர்விச்சதுல 42 சதவீதம் இறப்பு, குளிர்விக்காததுல 31. மேல்நாட்டுல நல்லது பண்ணின அதே வைத்தியம். ஊர் மாறினா எண்ணும் மாறும்ங்க.

பவானிக்கரை_சிஸ்டர்:

டாக்டருங்க எண்ணைப் பேசிட்டீங்க, படுக்கை ஓரத்துல நடக்கறதை நான் சொல்றேன்.

நடுக்கம்தான் முதல் எதிரி. நடுங்கினா உடம்பு எரிக்கற ஆக்ஸிஜன் ரெண்டு மூணு மடங்கு ஏறும், ஐசிபி ஏறும், சூடு இறங்கவே இறங்காது. கண்ணுக்குத் தெரியற வரைக்கும் காத்திருக்காதீங்க. தாடை மூட்டுல, காதுக்கு முன்னாடி ரெண்டு விரலை வெச்சுப் பாருங்க; போன் வைப்ரேட் ஆகற மாதிரி ஒரு முறுமுறுப்பு விரல்ல தெரியும். அதுக்கும் முன்னாடி ஈசிஜி கோடே சொல்லிடும்: அலைக்கு நடுவுல வழவழன்னு இருக்கவேண்டிய கோட்டுல பொடிப்பொடியா மயிர் முளைச்ச மாதிரி வரும். லீடு கழண்டிருக்குன்னு நெனச்சு ஸ்டிக்கரை மாத்திட்டே இருப்பாங்க.

மார்க் போடறது சுலபம். ஒண்ணுமே இல்லைன்னா 0. கழுத்து, நெஞ்சுல மட்டும்னா 1. கையும் சேர்ந்தா 2. உடம்பு பூரா, கால் உட்பட ஆடுனா 3. குளிர்விக்கற நேரத்துல கால் மணிக்கு ஒருதடவை, நிலைச்ச பிறகு மணிக்கு ஒருதடவை சார்ட்ல எழுதணும். 1 வந்தாலே ஏதாவது செய்யணும், 2 வரட்டும்னு நிக்கக்கூடாது.

மருந்துக்கு முன்னாடி காசில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்குது. கைக்கும் காலுக்கும் கம்பளி சாக்ஸ், முகத்துக்கும் கைக்கும் வெதுவெதுப்பு. தோல் சொல்ற சேதியை நம்பித்தான் மூளை நடுங்கச் சொல்லுது. தோல் அனுப்பற கணக்கு அஞ்சுல ஒரு பங்கு இருக்கும். உள்ள குளிரா இருந்தாலும் கை கால் சூடா இருந்தா நடுங்கற புள்ளி கொஞ்சம் கீழ இறங்கிடும். சூடான காத்து ஊதற போர்வை இருந்தா அதை மேல போட்டு, கூலிங் பிளாங்கெட்டைக் கீழ வைக்கலாம். ரெண்டு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடற மாதிரி வீட்டாருக்குத் தெரியும், ஆனா சரியான முறைதான்.

ஐஸ் பை விஷயம். கழுத்து, அக்குள், தொடை இடுக்குன்னு பாடத்துல இருக்கறதால கழுத்துல இறுக்கி வெச்சுடறாங்க. கழுத்துல இருக்கற ஜுகுலர் ரத்தக்குழாயை அமுக்கினா மண்டையில இருந்து ரத்தம் இறங்காது, ஐசிபி ஏறும். மூளைக் கேஸ்ல கழுத்தை விட்டுடுங்க. அக்குளும் இடுப்பும் போதும், துணி சுத்தி, 20 நிமிஷத்துக்கு ஒருதடவை இடம் மாத்தி வைக்கணும். எலும்பை எடுத்துட்டு மூடாம விட்ட பக்கத்துல எதையுமே வைக்கக்கூடாது. அங்க தோலுக்கு அடியில நேரா மூளைதான். தலைமாட்டுல "எலும்பு இல்லை, வலது" இல்லைன்னா "இடது"ன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டுங்க.

முதுகு, குதிகால், பிட்டம் ரெண்டு மணிக்கு ஒருதடவை பாக்கணும். பிரஷரை ஏத்தற நார்அட்ரினலின் ஓடறவங்களுக்குத் தோல்ல ரத்தமே இருக்காது, அதுக்கு மேல குளிரும் சேர்ந்தா ஒரே ராத்திரியில தோல் கருத்துடும்.

பயோமெட்_அவிநாசி:

மெஷின் பக்கம் இருந்து சில விஷயம்.

தண்ணி. ரிசர்வாயர்ல டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம்ம பக்கம் போர் தண்ணியில இருக்கற உப்புக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெள்ளையாப் பூத்துப் போகும், ஓட்டம் குறைஞ்சு "லோ ஃப்ளோ" அலாரம் வரும். சிறுவாணித் தண்ணி நல்லாத்தானே இருக்குன்னு ஊத்தறதும் வேண்டாம். குடிக்க நல்லா இருந்தா மெஷினுக்கும் நல்லதுன்னு அர்த்தமில்லை. கிருமி வளரும். சர்வீஸ் மேனுவல்ல சொன்ன இடைவெளியில தண்ணியைக் காலி பண்ணி, கிருமிநாசினி விட்டு ஓட்டி மறுபடி நிரப்பணும்.

பிளாங்கெட்டை ஆள் படுக்கறதுக்கு முன்னாடியே நிரப்பணும். 60 கிலோ ஆள் படுத்த பிறகு நிரப்பினா அடியில இருக்கற வழியெல்லாம் நசுங்கி, ஓரத்துல மட்டும் தண்ணி சுத்தும். மெஷின் 8 டிகிரி காட்டும், ஆள் இறங்கவே மாட்டாங்க. பிளாங்கெட்டுக்கும் ஆளுக்கும் நடுவுல ஒரே ஒரு மெல்லிசு விரிப்பு. நனையக்கூடாதுன்னு டர்க்கி டவல் ரெண்டு போட்டா மெஷின் டவலைத்தான் குளிர்விக்கும்.

புரோப்ல (சூட்டை அளக்க உடம்புக்குள்ள விடற கம்பி) நடக்கற தப்பு இன்னும் மோசம். 400 வரிசை, 700 வரிசைன்னு தெர்மிஸ்டர் ரெண்டு வகை, ரெண்டுக்கும் மின்தடை வேற. பழைய மெஷினுக்குப் புது புரோப் வாங்கி, பின் ஒத்துப்போகலைன்னு அடாப்டர் போட்டு மாட்டினா எண் ஏதோ ஒண்ணு வரும், ஆனா தப்பா வரும். அந்தத் தப்பை நம்பி மெஷினே தானா குளிர்விச்சுக்கிட்டு இருக்கும். மாட்டறதுக்கு முன்னாடி புரோப்பையும் நல்ல தெர்மாமீட்டரையும் ஒரே வெந்நீர் டம்ளர்ல முக்கிப் பாருங்க. 0.2 டிகிரிக்கு மேல வித்தியாசம்னா மாட்டாதீங்க.

இடம்: உணவுக்குழாயோட கீழ்ப்பாகம் நல்லது. பெரியவங்களுக்கு மூக்குல இருந்து 40–45 சென்டிமீட்டர் போகணும். மேலயே நின்னா பக்கத்து மூச்சுக்குழாய்க்குள்ள போற வென்டிலேட்டர் காத்தோட சூட்டைக் காட்டும். மூத்திரப்பை புரோப் ஃபோலி மூத்திரக் குழாயோட வர்றதால வசதிதான், ஆனா மூத்திரம் குறைஞ்சா எண் பின்தங்கும். மலக்குடல் புரோப் எப்பவுமே தாமதம். வேகமாக் குளிர்விக்கறப்ப அதை நம்பினா 33-ன்னு நெனச்ச இடத்துல நிஜம் 32-ஐத் தாண்டியிருக்கும்.

ஜெனரேட்டர் மாறற அந்தப் பத்து செகண்டுல சில மெஷின் ஸ்டாண்ட்பைக்குப் போயிடும், கரண்ட் வந்ததும் தானா ஓடாது. கம்ப்ரசர் இழுக்கற கரண்டுக்குச் சின்ன யுபிஎஸ் தாங்காது. ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு ஸ்டார்ட் பட்டன் எங்கேன்னு தெரியணும். பின்பக்கம் சுவத்துல ஒட்டி நிறுத்தாதீங்க, சூடு வெளியேற ஒரு அடியாவது இடம் விடுங்க. ஏசி செத்த வார்டுல இந்த மெஷினே இன்னொரு ஹீட்டர்.

நொய்யல்_நியூரோ:

பயோமெட் தம்பி சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். மண்டையோட அடிப்பகுதி எலும்பு உடைஞ்சிருந்தா (கண்ணைச் சுத்திக் கருப்பு, மூக்குல தண்ணி) புரோப்போ ரைல்ஸ் டியூபோ (இரைப்பைக்குப் போற குழாய்) மூக்கு வழியாப் போடவே கூடாது. வாய் வழியாத்தான். அப்ப அந்த 40–45 கணக்கு பொருந்தாது. வாயில இருந்து அதைவிடக் கொஞ்சம் குறையும், எக்ஸ்ரேயில இதயத்துக்குப் பின்னாடி நுனி தெரியுதான்னு பாத்து நிறுத்துங்க.

மூளையோட சூடு நாம அளக்கற சூட்டை விட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரைக்கும் கூட இருக்கலாம். 37.5-ன்னு நிம்மதியா எழுதற நேரத்துல மூளை 38-ஐத் தாண்டியிருக்கும்.

ஈரோட்டு_மயக்கவியல்:

எல்லாருக்கும் நன்றிங்க. 33-ஐ எடுத்துட்டேன், 35–36 மூணாம் படி. ரெண்டு சந்தேகம். ஃப்ரிட்ஜ் சலைன் எவ்வளவு விட்டா எவ்வளவு இறங்கும்? பெத்திடின் இல்லாம நடுக்கத்துக்கு டிரமடால் போதுமா? சிசேரியனுக்கு அதைத்தானே போடறோம்.

கேஸ்_அனலைசர்:

டிரமடால் வேண்டாங்க. வலிப்பு வர்ற வாசலை அது தாழ்த்தும், அடிபட்ட மூளை ஏற்கெனவே அந்த வாசல்லதான் நிக்குது. சிசேரியன் மேசையில சரி, இங்க தப்பு. பெத்திடின்லயும் அந்தக் குறை இருக்குது, சிறுநீரகம் சோம்பினா அதோட கழிவு தேங்கி வலிப்பு வரும். கிடைக்கலைன்னு வருத்தப்படாதீங்க.

வரிசை இப்படி வைங்க: பாராசிட்டமால் 1 கிராம் 6 மணிக்கு ஒருதடவை, பஸ்பிரோன் 30 மில்லிகிராம் 8 மணிக்கு ஒருதடவை ரைல்ஸ் வழியா, மெக்னீசியம் சல்ஃபேட் மணிக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரைக்கும், ரத்தத்துல டெசிலிட்டருக்கு 3–4 மில்லிகிராம் இருக்கற மாதிரி. அதுக்கும் அடங்கலைன்னா டெக்ஸ்மெடிட்டோமிடின் கிலோவுக்கு மணிக்கு 0.2 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சு, கூடவே ஃபென்டனில் மணிக்கு 25 மைக்ரோகிராம்ல இருந்து. டெக்ஸ்மெடிட்டோமிடின்ல நாடி இறங்கும், குளிர்லயும் நாடி இறங்கும்; 45-ஐப் பாத்துப் பதறாம பிரஷர் எப்படி இருக்குன்னு பாருங்க. அடுத்தது புரோப்போஃபால். கடைசிக்குத்தான் வெக்யூரோனியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். தசை முடங்கின பிறகு வலிப்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மூளை அலையைப் பதியற இஇஜி இல்லாத இடத்துல அது இருட்டுல வண்டி ஓட்டற கதை. குளிர்ல இந்த மருந்தெல்லாம் கரையறது மெதுவாகும், ஒரே அளவை விட்டுக்கிட்டே இருந்தா சேர்ந்துக்கும்.

சலைன் கணக்கு கையாலயே போடலாம். 4 டிகிரி சலைன் ஒரு லிட்டர், 37-க்கு ஏற 33 கிலோகலோரி எடுத்துக்கும். 60 கிலோ உடம்பு ஒரு டிகிரி இறங்க ஏறக்குறைய 50 கிலோகலோரி வெளிய போகணும். அப்ப லிட்டருக்கு 0.6, 0.7 டிகிரி. கிலோவுக்கு 30 மில்லின்னு 1800 மில்லி விட்டாலும் ஒண்ணேகால் டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். இதுவும் அரை மணி நேரத்துல பிரஷர் பேக் போட்டு விட்டாத்தான். உங்க 34 டிகிரி வார்டுல ட்ரிப்பைச் சொட்டுச் சொட்டா விட்டா, நரம்புக்குள்ள போறப்ப அது சாதா சலைன். இதயம் பலவீனமான பெரியவங்களுக்கு ரெண்டு லிட்டர் இறங்கினா நுரையீரல் நனைஞ்சுடும். 35–36 போதும்னா அரை லிட்டரும் பிளாங்கெட்டுமே வேலையை முடிச்சுடும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை அந்த ஃப்ரிட்ஜ் தட்டுலயே வைக்காதீங்க, அவசரத்துல கை அதுக்குப் போயிடும்.

ஏபிஜியில (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ஒரு பொறி இருக்குது. சாம்பிளை மெஷின் 37-க்குச் சூடாக்கித்தான் அளக்கும். நோயாளி 33-ல இருக்கறப்ப அது கார்பன்டைஆக்ஸைடு 40-ன்னு காட்டினா, உடம்புக்குள்ள நிஜம் 34 பக்கம். ஆக்ஸிஜன் 100 காட்டினா 80 பக்கம். அதோட குளிர்ல உடம்பு கார்பன்டைஆக்ஸைடு தயாரிக்கறதும் குறையுது. வென்டிலேட்டரை மாத்தாம விட்டா கார்பன்டைஆக்ஸைடு இறங்கி, மூளை ரத்தக்குழாய் சுருங்கி, ஐசிபி அழகா இறங்கினது மாதிரி தெரியும். நிஜத்துல மூளை பட்டினி. நோயாளியோட சூட்டை மெஷின்ல பதிஞ்சு திருத்தின எண்ணா, திருத்தாததான்னு வார்டு பூரா ஒரே முறையா எழுதுங்க. ஷிஃப்ட்டுக்கு ஒரு முறைன்னு மாத்தினாத்தான் குழப்பம்.

ரத்தம் உறையறதுலயும் அதே பொறி. லேப் 37-ல ஓட்டறதால உறையற நேரத்தை அளக்கற பிடி, ஏபிடிடி ரெண்டும் நார்மல்னு வரும். 35-க்குக் கீழ பிளேட்லெட் மந்தமாகுது, 33-க்குக் கீழ உறையவைக்கற என்ஸைமும் மந்தமாகுது, ரிப்போர்ட்டுக்கு அது தெரியாது. ஹோப்ஸ் ஆய்வுல கட்டி எடுக்கற வரைக்கும் 35-ஐ ஒட்டியே நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம்: அடிபட்டு மழையில ரோட்டோரம் கிடந்து தானாக் குளிர்ந்து 34-ல வர்ற ஆளைப் பாத்து, "குளிர்விப்பு ஆரம்பமாயிடுச்சு"ன்னு யாரும் விட்டுடக்கூடாது. வேற எங்கயாவது கசிஞ்சுட்டிருந்தா அந்தக் குளிர்தான் ஆளைக் கொல்லும். முதல்ல கசிவு எங்கேன்னு பாத்து, போர்த்தி ஏத்துங்க.

பொட்டாசியம். குளிர்ல அது செல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கும், மூத்திரமும் கூடப் போகும், ரிப்போர்ட் 3.0 காட்டும். அதைத் துரத்தி 4.5-க்கு ஏத்தினீங்கன்னா, சூடாக்கறப்ப ஒளிஞ்சதெல்லாம் வெளிய வந்து 6-ஐத் தொடும், ஈசிஜியில முனை கூரா ஏறும். 3-க்குக் கொஞ்சம் மேல நின்னா போதும், 4 மணிக்கு ஒருதடவை பாருங்க, சூடாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பொட்டாசியம் ட்ரிப்பை நிறுத்துங்க. இன்சுலினும் அப்படித்தான்: குளிர்ல சர்க்கரை ஏறும்னு கூட்டின அளவை ஏறுமுகத்துல குறைக்க மறந்தா தாழ்சர்க்கரை.

பவானிக்கரை_சிஸ்டர்:

சார் சொன்னதோட சார்ட்ல ஒரு கட்டம் சேருங்க: மெஷின் தண்ணியோட சூடு. மணிக்கு ஒருதடவை நோயாளி சூட்டுக்குப் பக்கத்துலயே எழுதணும். குளிர்விக்கறப்ப காய்ச்சல் வெளிய தெரியாது, ஏன்னா மெஷின் அமுக்கிடும். ஆனா ஆள் அதே 36-ல இருக்க, தண்ணி 20-ல இருந்து 12-க்கு இறங்கியிருக்குன்னா உடம்பு உள்ள எரியுதுன்னு அர்த்தம். தாடையைத் தொட்டுப் பாருங்க. நடுக்கம் இல்லைன்னா சளியையும் மூத்திரத்தையும் கல்ச்சருக்கு அனுப்புங்க.

நொய்யல்_நியூரோ:

சூடாக்கறது பத்தி யாருமே விரிவா எழுதலை, பாதி கேஸ் கெடறது அங்கதான். வேகமா ஏத்தினா ரத்தக்குழாய் விரியும், வீக்கம் பொங்கும், ஐசிபி திரும்பப் பாயும். மணிக்கு 0.1 முதல் 0.2. கணக்கைப் பாருங்க: 33-ல இருந்து 36.5-க்கு மணிக்கு 0.1-ன்னா 35 மணி நேரம், 0.2-ன்னாலும் 17 மணிக்கு மேல. 35-ல இருந்துன்னா 0.1-லயே 15 மணி நேரத்துல முடிஞ்சுடும். ஐசிபி 22-ஐத் தாண்டினா அங்கயே நிறுத்தி, தேவைப்பட்டா அரை டிகிரி திரும்ப இறங்குங்க. மெஷினை அணைச்சுட்டுத் தானா ஏறட்டும்னு விடறதுதான் நம்ம ஊர்ல அதிகம் நடக்கற தப்பு. சித்திரை மாசத்துல மூணு மணி நேரத்துல 38-ல நிப்பாங்க. 36.5 வந்த பிறகும் மூணு நாளைக்கு பிளாங்கெட்டைக் கழட்டாம வைங்க, பின்காய்ச்சல் வரும்.

வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒண்ணு. விபத்துக் கேஸுக்கு தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பாத்துக்கும். குளிர்விச்சு, மெதுவாச் சூடாக்கி, தூக்கமருந்து இறங்கி, ஆளோட நிஜ நிலை தெரியவே அஞ்சாறு நாள் ஆகும். மூணாம் நாள் காலையில "பில் யாருது, ஆள் ஏன் கண்ணு முழிக்கலை"ன்னு ரெண்டு கேள்வியும் ஒண்ணா வரும். காப்பீட்டு அட்டை விவரத்தை முதல் நாளே வாங்கி வைங்க.

கண்ணு முழிக்கலைங்கறதுக்கும் அதே எச்சரிக்கை. 36-க்குக் கீழ இருக்கறப்ப மூளைச்சாவுப் பரிசோதனை செய்யக்கூடாது. 36 தொட்ட பிறகும் மிடாசோலமும் ஃபென்டனிலும் குளிர்ல தேங்கினது கரைய நேரம் விடணும். கருவிழி அசையலைன்னு அவசரப்பட்டுப் பேசிட்டா வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

ஈரோட்டு_மயக்கவியல்:

முதல் வரைவு தயாருங்க. 37.5 தொட்டா பாராசிட்டமால் 1 கிராம், அரை மணியில இறங்கலைன்னா பிளாங்கெட். இதுல ஏதாச்சும் மாத்தணுமா?

பவானிக்கரை_சிஸ்டர்:

1 கிராம்னு மொட்டையா எழுதாதீங்க டாக்டர். 50 கிலோவுக்குக் கீழ கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு சேருங்க. மரத்துல இருந்து விழுந்து வர்ற பெரியவங்க பாதிப்பேர் 45 கிலோ கூட இருக்கமாட்டாங்க, கல்லீரலும் பலருக்குச் சரியிருக்காது. அரை மணியும் பத்தாது, ட்ரிப்ல போட்டது வேலை செய்ய ஒரு மணி நேரம் விடுங்க. அதுக்குள்ள போர்வையை எடுத்துட்டு ஃபேனைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில உடம்பைத் துடைங்க. ஐஸ் தண்ணியில துடைச்சா நடுங்க ஆரம்பிச்சுடுவாங்க.